முதல் வேலையை எந்த வார்டில் தொடங்கலாம்? புது நர்ஸ்கள் கேட்டதும் சீனியர் சிஸ்டர் சொன்னதும்

(பதில் சொல்பவர் அரசு, தனியார் இரண்டிலும் வேலை பார்த்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்.)

கேள்வி (திண்டுக்கல்): அக்கா, பி.எஸ்சி. நர்சிங் இப்பதான் முடிச்சேன். ஐசியூலதான் சேரணும், வார்டுக்குப் போனா ஒண்ணும் கத்துக்க முடியாதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நிஜமா?

பதில்: சொன்னவங்க மெடிக்கல் வார்டுல ஒரு மார்னிங் டியூட்டி பார்த்துட்டு வந்து சொல்லட்டும்மா! ஐசியூல ஒரே பேஷண்ட்டை முழுசா கவனிக்கலாம். வென்டிலேட்டர், ரத்தக்குழாய்ல போட்டு பிபி பார்க்குற ஆர்ட்டீரியல் லைன், சிரிஞ்ச் பம்ப்ல பிபி ஏத்துற நார்அட்ரினலின் மருந்து, மணிக்கொரு தடவை யூரின் அவுட்புட்னு கை பழகும். வார்டுல மானிட்டர் இருக்காது. எட்டு பத்து பேர்ல யாருக்கு மோசமாகுதுன்னு கண்ணாலதான் பிடிக்கணும். காலையில நல்லா பேசிட்டிருந்த தாத்தா மத்தியானம் சம்பந்தமில்லாம பேசுறார், மூச்சு நிமிஷத்துக்கு 28 போகுது, ஆனா பிபி நார்மல். பல பேருக்கு பிபி இறங்குறதுக்கு முன்னாடியே மூச்சு ஏறிடும். சும்மா 20னு சார்ட்ல எழுதாம, நின்னு எண்ணிப் பார்த்து டாக்டரைக் கூப்பிடப் பழகிட்டா அப்புறம் எந்த ஐசியூவுக்கும் தைரியமா போகலாம்.

ஐசியூன்னு போர்டு மாட்டிட்டு, சேர்ந்த மூணாம் நாளே புதுப் பொண்ணுகிட்ட மூணு வென்டிலேட்டர் பேஷண்ட்டை விடுற இடமும் இருக்கு. அங்க ஒரு பேஷண்ட்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கணும். அதனால வார்டு பேரை அப்புறம் பாருங்க. முதல் ரெண்டு மூணு மாசம் உங்க பக்கத்துல ஒரு சீனியர் நிப்பாங்களான்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

கேள்வி (சேலம்): இன்டர்வியூல நாம திருப்பி என்ன கேக்கலாம் சிஸ்டர்? கேட்டா திமிர்னு நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: தாராளமா கேளுங்க. நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்? எத்தனை நாள் கழிச்சு தனியா கேஸ் குடுப்பீங்க? ஆள் இல்லன்னா வேற வார்டுக்கு அனுப்புவீங்களா? "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்"னு சிரிச்சா, நைட்ல நீங்க தனிதான்னு வச்சுக்கோங்க.

அதோட கிளம்பிடாதீங்க. ஷிஃப்ட் மாறுற நேரம் வரைக்கும் இருந்து, வார்டு வாசல்ல அஞ்சு நிமிஷம் நில்லுங்க. பெட் பெட்டா போய், கழிவு வடியுற டிரெயின் டியூப்ல எவ்வளவு வந்திருக்கு, எந்த ஆன்ட்டிபயாடிக் போடல, கையில இருக்குற ஐவி ஊசி (கேனுலா) எந்த நாள் போட்டதுன்னு காட்டி அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஓவர் குடுக்குறாங்களா? இல்ல, ஸ்டேஷன்ல உக்காந்தபடியே "எல்லாம் ஸ்டேபிள்"னு சொல்லிட்டு பையைத் தூக்குறாங்களா? சுவத்துல டியூட்டி லிஸ்ட் ஒட்டியிருந்தா அதையும் பாருங்க. பேரை அடிச்சு அடிச்சு மேல எழுதியிருந்தா அங்க ஆள் நிக்கிறதில்ல, டபுள் டியூட்டி உங்க தலையிலதான் விழும். கேன்டீன்ல ஒரு சிஸ்டரைப் பார்த்து "சேர்ந்து எவ்வளவு நாளாச்சு?"ன்னு கேளுங்க. ஹெச்ஆர் சொல்லாததை அவங்க சொல்லிடுவாங்க.

கேள்வி (கடலூர்): ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடிச்சிருக்கேன். வீட்டுப் பக்கத்துல முப்பது பெட் ஆஸ்பத்திரியில கூப்பிடுறாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துட்டு ரெண்டு வருஷ பாண்ட் போடணுமாம்.

பதில்: ஒரிஜினலை வெரிஃபிகேஷனுக்குக் காட்டுங்க, கையோட வாங்கிட்டு வந்துடுங்க. ஜெராக்ஸ் போதும். ஒரிஜினலைப் பூட்டி வச்சுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிற இடத்துல நான் என் தங்கச்சியைச் சேர்க்க மாட்டேன். இன்னொண்ணு: எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்குற நார்செட் தேர்வுக்கு ஜிஎன்எம் படிச்சவங்க குறைஞ்சது ஐம்பது பெட் இருக்குற ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷ அனுபவம் காட்டணும். முப்பது பெட்ல உழைச்சது அந்தக் கணக்குல வராது.

சம்பளமும் பேசுங்க. உச்ச நீதிமன்றம் 2016ல சொன்னபடி அமைச்ச நிபுணர் குழு, ஐம்பது பெட்டுக்குக் கீழ இருந்தாலும் ரூ.20,000க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரைச்சது. பரிந்துரைதான், பல இடத்துல கண்டுக்கவே மாட்டாங்க. ஆனா அந்தத் தொகையை மனசுல வச்சுட்டுப் பேசுங்க.

கேள்வி (தென்காசி): அக்கா, ஆண் நர்ஸுக்கு எந்தப் பக்கம் நல்லது?

பதில்: எமர்ஜென்சி, இதயத்துக்கு ஆஞ்சியோ பண்ற கேத் லேப், ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் எல்லாத்துலயும் பிரதர்களை விரும்பி எடுக்குறாங்க தம்பி. டயாலிசிஸ்ல வழக்கமா வாரம் மூணு தடவை, நாலு நாலு மணி நேரம் அதே முகங்கள் வரும். பேஷண்ட்டோட பழகிப் பேசப் பிடிக்கும்னா அதுக்குப் போங்க. நார்செட்ல பெரும்பாலான இடங்களைப் பெண்களுக்குன்னே ஒதுக்கி வந்திருக்காங்க. அதனால அதை மட்டும் நம்பி வீட்டுல உக்காந்து படிக்காதீங்க, வேலை பார்த்துக்கிட்டே எழுதுங்க.

கேள்வி (அரியலூர்): எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) போகலாமா மேடம்?

பதில்: போகலாம். ஆனா எடுத்த உடனே நிரந்தர வேலைன்னு நினைச்சுட்டுப் போகாதீங்க. தொகுப்பூதியத்துல வச்சு வருஷக்கணக்குல இழுத்ததுக்காகத்தான் 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் (அரசு மருத்துவத் துறை அலுவலக) வளாகத்துல அவ்வளவு நர்ஸ்கள் போராட்டத்துல உக்காந்தாங்க. வேலைன்னு பார்த்தா பிரசவத்துல கை நல்லா பழகும், ஆனா நைட்ல பெரும்பாலும் நீங்க ஒருத்தர்தான். ஒரு வருஷமாவது பெரிய ஆஸ்பத்திரி லேபர் வார்டுல நின்னுட்டுப் போனா, பிரசவத்துக்கப்புறம் ரத்தம் நிக்காத கேஸ் வந்தாலும் கை நடுங்காது.

கேள்வி (நாகர்கோவில்): எனக்கு சவுதி போகணும். இப்ப எங்க சேரலாம்?

பதில்: பெரும்பாலும் ஒரே டிபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க. நாலு மாசத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி மாறினா அது கணக்குல நிக்காது. ஏஜென்ட்கிட்ட பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி, தமிழக அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல விசாரிங்க, சென்னையில இருக்கு.

கேள்வி (ஊர் வேண்டாம்): எமர்ஜென்சியில மூணு மாசம். டியூட்டிக்குக் கிளம்பும்போதே அழுகை வருது. விட்டுடட்டுமா?

பதில்: எதைப் பார்த்து அழுகை வருதுன்னு கவனிங்கம்மா. கேஸைப் பார்த்து பயம்னா, மூணு மாசத்துல அது சகஜம், ஆறேழு மாசத்துல பெரும்பாலும் குறையும். சீனியர் எல்லார் முன்னாடியும் கத்துறாங்க, ஆஃப் குடுக்கல, தெரியலன்னு கேட்டாலே திட்டு விழுதுன்னா கதை வேற. நர்சிங் சூப்பரின்டென்டென்ட்கிட்ட எழுத்துல டிரான்ஸ்ஃபர் கேளுங்க. குடுக்கலன்னா ஆஃபர் லெட்டர்ல நோட்டீஸ் எத்தனை நாள்னு பார்த்து, அந்த நாளை முடிச்சு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டைக் கையில வாங்கிட்டு வெளிய வாங்க. சொல்லாம கொள்ளாம நின்னுடாதீங்க, அந்த சர்டிபிகேட்டுக்காக அப்புறம் அவங்க வாசல்லயே போய் நிக்கணும்.