கடலடியை வரைபடமாக்குவதால் சாதாரணக் கடற்றொழிலாளிக்கு என்ன பயன்?

பயன் உண்டு. ஆனால் வெறும் ஆழக் கணக்கால் அல்ல, தரை எப்படிப்பட்டது என்று தெரிவதால். யாழ்ப்பாணத்தில் எங்கள் வடமராட்சிப் பக்கத்துப் பழைய ஆட்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) சொல்லும்போதே அங்கே சேறு, இங்கே பார் (கல்திட்டு) என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். எந்தப் பனை எந்தக் கோபுரத்தோடு நேராக வந்தால் பாருக்கு மேல் வள்ளம் நிற்கிறது என்பது என் மாமாவுக்கு மனப்பாடம். வெள்ளைக்காரன் காலத்துக் கடல் அளவையிலும் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைப் பூசித்தான் இறக்கினார்கள். மேலே வரும்போது ஒட்டியிருப்பது மணலா, சேறா, சிப்பித் தூளா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஒன்றும் ஒட்டவில்லையென்றால் அநேகமாகக் கல்.

இப்போது அதை மல்டிபீம் கருவி செய்கிறது. கப்பலுக்கு அடியில் விசிறி போல ஒலியை விரித்து அனுப்பும். எதிரொலி திரும்பும் நேரம் ஆழத்தைச் சொல்லும். அதன் வலு தரை கெட்டியா மெத்தென்றதா என்று காட்டும். சிக்கல் என்னவென்றால், அந்த விசிறியின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. பொதுவாக ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. 4000 மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக அளந்துவிடலாம். பாக்குநீரிணையில் 10 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 30, 40 மீட்டர்தான். ஆக, சிறு வள்ளக்காரன் பிழைக்கும் கரைக்கடல்தான் அளக்க அதிக நேரமும் செலவும் பிடிக்கிற கடல். விமானத்திலிருந்து லேசரால் அளக்கலாம்; ஆனால் கலங்கிய தண்ணீரில் அது எடுபடாது.

கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் 1990களின் பிற்பகுதியில் ஸ்கலப் சிப்பி கிடக்கும் சரளைத் தரையை இப்படி வரைந்தார்கள். அதன் பிறகு அதே அளவு சிப்பி பிடிக்க, தரையை இழுக்கும் நேரமும் எரிபொருளும் வெகுவாகக் குறைந்தன. நல்லதுதான். ஆனால் அதே படம், கடலடியை வலையால் வாரி இழுக்கும் ரோலர் படகுக்காரன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம் எங்கள் ஊரில் யாருக்கும் வரும். இலங்கையில் இந்த இழுவை மடித் தொழிலை 2017இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, வரும் ரோலர்கள் இன்னும் நின்றபாடில்லை. மறுபக்கம், இழுவை மடி சேற்றில் விட்டுப்போகும் தழும்புகூட ஒலிப் படத்தில் தெரியும். சேதத்தை வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை விட அது வலுவான சாட்சி. கடலட்டைப் பண்ணைத் தகராறுகளிலும், தாழை (கடற்புல்) எங்கே, வள்ளப் பாதை எங்கே என்று காட்டும் படம் முதலில் மேசையில் இருந்தால் பாதிச் சண்டை குறையும் என்பது என் எண்ணம்.

சுனாமியை மறக்கக்கூடாது. ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அலை, ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரும். 2004இல் வடமராட்சி கிழக்கு பட்டது தெரியும்தானே. எந்தக் கரையில் எவ்வளவு உயரும் என்று கணிக்கக் கரையோர ஆழம் சரியாகத் தெரிய வேண்டும். அப்புறம் எல்லை விவகாரம்: இலங்கை 2009இல் ஐ.நா.விடம் கண்டமேடையை, அதாவது கரைக்கு அப்பால் தனக்கு உரிமையுள்ள கடலடியை, நீட்டிக் கேட்டதே, அதற்கும் கடலடி வண்டலின் தடிப்புதான் அடிப்படை.

அயர்லாந்து தன் கடலடித் தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. இங்கே செய்தாலும் தரவு கொழும்பு அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கக்கூடாது. வள்ளத்தில் வைத்திருக்கும் சின்ன ஜி.பி.எஸ்.ஸில் ஏற்றக்கூடிய வடிவில், தமிழில், கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு நேரடியாக வர வேண்டும்.