துறைத் தலைவர் நாற்காலியும் டிஸ்சார்ஜ் கவுன்டரும்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சில இங்கே.

மேடம், அடுத்த மாதம் துறைத் தலைவர் பொறுப்பு என் தலையில் விழுகிறது. முதலில் எதில் கை வைக்க? (உதவிப் பேராசிரியர், தேவகோட்டை)

டைம்டேபிளில். வாரத்தில் ஒரு நாளை முழுசாகப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள்; மற்ற ஆசிரியர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை. ஒரு வருடம் என் பிள்ளைகளை ஆளுக்கொரு நோயாளியின் டிஸ்சார்ஜ் பின்னாலேயே போகச் சொன்னேன். டாக்டர் காலை பத்துக்குக் கையெழுத்துப் போட்டார். நோயாளி ஆட்டோ ஏறும்போது மணி நாலரை. டிஸ்சார்ஜ் சம்மரி (சிகிச்சைச் சுருக்கம்) டைப் ஆகவில்லை, மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பவில்லை, இன்சூரன்ஸ் ஒப்புதல் வரவில்லை. ஒரு பெண் நோட்டில் எழுதியிருந்தாள்: 'ஒரே பில்லுக்கு வார்டு பாய் மூன்று தடவை மாடி ஏறினார்.' ஒரு செமஸ்டர் ஆபரேஷன்ஸ் பாடத்தை (அறுவை சிகிச்சை இல்லை, வேலை ஓட்ட நிர்வாகம்) அந்த வரியை வைத்தே நடத்தினேன். கேஷ்லெஸ் நோயாளிக்கு, அதாவது பில்லை இன்சூரன்ஸே நேராகக் கட்டும் நோயாளிக்கு, கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே கரையும் நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆச்சி, இந்தத் துறைக்கு டாக்டர்தான் தலைவராக வேண்டும் என்கிறார்களே? (பள்ளத்தூர்)

அப்படியெல்லாம் இல்லை. 1934-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பைத் தொடங்கிய மைக்கேல் டேவிஸ் சமூகவியல்காரர். நடந்ததும் வணிகப் பள்ளியில். இந்தப் பக்கம் மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய வெங்கடசாமி கண் டாக்டர். கேஸ் ஷீட்டும் பேரேடும் இரண்டும் படிக்கத் தெரிந்தால் யாரும் உட்காரலாம்.

முதல்வராக என்ன தகுதி வேண்டும்?

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி பி.எச்டி., 15 வருட அனுபவம், குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரை, அதோடு மதிப்பெண் கணக்கு ஒன்று. பதவி 5 வருடம். பொறுமை அந்தப் பட்டியலில் இல்லை.

வகுப்பில் எப்போதும் வட்டிக்கடைக் கதை சொல்வீர்களாமே, எதற்கு? (மாணவர், கானாடுகாத்தான்)

எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் பர்மா, மலாயாவில் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) சேர்ந்தவன்தான் அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்தவன்), பிறகு கடையை நடத்தும் மேலாள் ஆனான். எடுபிடி வேலை செய்யாதவன் கையில் பெட்டிச் சாவி போகாது. அதைத்தான் பில்லிங் கவுன்டரில் நிற்கக் கூசுகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனால் பெருமை பேச மாட்டேன் தம்பி: அந்தக் கடைகளுக்குப் பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. ஐந்தொகை (கடையின் இருப்புநிலைக் கணக்கு) எப்படிப் போடுவது என்று நான் கற்றது ஐயா எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து.

இருபது வருட சர்வீஸ், இப்போது நர்சிங் சூப்பிரண்ட். பி.எச்டி. இல்லை. நான் பாடம் நடத்த முடியுமா மேடம்? (திருப்பத்தூர்)

முடியும். 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று 2022-ல் யு.ஜி.சி. ஒரு வழி திறந்தது: தன் தொழிலில் தேர்ந்தவராக 15 வருட அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை; அந்த அனுபவம் மூத்த பொறுப்பில் இருந்தால் முன்னுரிமை. அந்த வழி உங்களுக்கு அமையாவிட்டாலும் சிறப்பு வகுப்புக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். வரும்போது பழைய டூட்டி ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல்) ஒன்று கொண்டு வாருங்கள். பெயர்களை மறைத்துவிடுங்கள், அடித்தல் திருத்தல் அப்படியே இருக்கட்டும். தீபாவளி வாரத்து ரோஸ்டராக இருந்தால் இன்னும் நல்லது.