வாசகர் கேள்வி – பதில்: மியெய்க் தீவுகளும் சலோன் மக்களும்

மியான்மரின் தெற்கே தனிந்தாயி கடலோரத்தில் 800-க்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இவைதான் மியெய்க் தீவுகள், இங்குள்ள கடல்வாழ் மக்கள் சலோன். நம் பெரியவர்களுக்கு அது ‘மெர்குயி’. அங்கே போய்வர விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: திங்கியான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். தோதான காலமா? (யாங்கோன் வாசகர்)

கடல் தோதுதான், ஊர்தான் தோதில்லை. ஏப்ரல் நடுவில் விமானச் சீட்டு கிடைப்பது பெரும்பாடு. அலுவலகம் எல்லாம் பூட்டியிருக்கும், படகோட்டிகளும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பொங்கல் கழிந்து பங்குனி உத்திரத்துக்குள் போய்வருவது உத்தமம். டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வானம் தெளிவாக இருந்தாலும் வடகிழக்குக் காற்று சில நாள் வெளித்தீவுப் பக்கம் அலையைக் கிளப்பிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் அது அடங்கிவிடும். மே மாதத்தை நம்பவே வேண்டாம். நர்கிஸ் புயல் வந்தது 2008 மே 2-இல், மோக்கா புயல் வந்தது 2023 மே 14-இல். அதன் பிறகு தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் வரை தீவுப் பயணம் கிடையாது.

மாதத்தை முடிவு செய்ததும் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றவற்றம் பெரிதாகும். தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் இழுக்கும், அடிமணல் கலங்கி நீருக்குள் எதுவும் தெரியாது. வற்றிய நேரத்தில் படகு கரைக்கு வர முடியாமல் முழங்கால் சேற்றிலோ பவளப்பாறை மேலோ நடக்க நேரிடும். அட்டமியில் தொடங்கித் தசமி, ஏகாதசி வரை நீர் ஓரளவு அடங்கியிருக்கும். அட்டமி நவமியில் கிளம்பக் கூடாது என்று வீட்டில் பாட்டி தடுத்தால், கடல் கணக்கு வேறு என்று சொல்லிப் பாருங்கள்.

கே: மோல்மீனிலிருந்து பஸ்ஸில் தவேய், மியெய்க் வழியாகப் போனால் செலவு குறையுமே? (மோல்மீன் வாசகர்)

குறையும். ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம். 2021-க்குப் பிறகு அந்தச் சாலையில் மோதலும் சோதனைச் சாவடிகளும் உண்டு. எந்த நாள் எந்த இடத்தில் வழி அடைபடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விமானத்திலேயே போங்கள். கிளம்பும் வாரத்தில் அங்குள்ள நிலவரத்தைத் தெரிந்தவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கே: என் அப்பாவிடம் இருப்பது எஃப்.ஆர்.சி. அவரையும் அழைத்துப் போக முடியுமா? (தட்டோன் வாசகி)

முடியும், ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அயல்நாட்டவர் பதிவுச் சீட்டு வைத்திருப்பவர், பதிவான ஊரை விட்டுப் பயணம் போகக் குடிவரவு அலுவலகத்தின் அனுமதிச் சீட்டு தேவை. அதில் போகும் ஊர், தங்கும் நாள் எல்லாம் எழுதியிருக்கும். படகு புறப்படும் ஊரான கௌதாங் என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டுத் தீவில் இரவு தங்கினால் சிக்கல்தான். தீவின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இளஞ்சிவப்புக் குடியுரிமை அட்டைக்காரர்களுக்கு அட்டை போதும். அதன் நகல் ஐந்தாறு எடுத்து வையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினருக்குப் படகு நிறுவனம் மூலம் தனி அனுமதி எடுக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

கே: மியெய்க்கிலிருந்து புறப்படுவதா, கௌதாங்கிலிருந்தா?

காலையில் போய் மாலையில் திரும்ப மியெய்க். சலோன் கிராமமும் லம்பித் தீவும் பார்க்கக் கௌதாங். மியெய்க் கரையோரம் ஆற்று வண்டலால் நீர் பழுப்பாக இருக்கும், தெளிந்த நீருக்கு வெகுதூரம் வெளியே போக வேண்டும். லம்பி 1996-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கௌதாங்கிலிருந்து விரைவுப் படகில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். பாதிநாள் படகிலேயே குலுங்கிக்கொண்டு போய்விடும். நாலு நாளில் மூன்று தீவு போதும். எட்டுத் தீவு காட்டுகிறோம் என்பவரிடம் ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்று கேளுங்கள்.

கௌதாங்கில் பலர் படகைத் தவறவிடக் கைப்பேசிதான் காரணம். எதிர்க்கரை ரனோங் தாய்லாந்து. கைப்பேசி அந்தப் பக்கத்து அலையைப் பிடித்துக்கொண்டால் நேரம் தானாக அரை மணி முன்னே போய்விடும், ரோமிங் கட்டணமும் ஏறும். அலாரம் முந்தி அடித்தால் பரவாயில்லை. தாய்லாந்து நேரம் காட்டுகிறது என்று நினைத்து நீங்களே அரை மணி கழித்து, அது உண்மையில் நம் நேரமாக இருந்துவிட்டால் படகு போயிருக்கும். தானியங்கி நேரத்தையும் ரோமிங்கையும் விமானத்திலிருந்து இறங்கியதும் அணைத்துவிடுங்கள்.

பணம் ரொக்கமாக வேண்டும், அதுவும் சில்லறையாக. கௌதாங்கில் தாய்லாந்தின் ‘பாட்’ பணமும் செல்லும்.

கே: சலோன் மக்களைப் பார்க்க ஆசை. கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழ்பவர்களாமே? போனால் எப்படி நடந்துகொள்வது? (பகோ வாசகி)

சலோன் என்பது பர்மியர் வைத்த பெயர். அவர்கள் தங்களை மொக்கன் என்கிறார்கள். மொழி மலாய் மொழிக்குத் தூரத்து உறவு. எல்லைக்கு இரு பக்கமும் சேர்த்துச் சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். வெயில் காலம் முழுக்கக் ‘கபாங்’ என்னும் படகில் குடும்பத்தோடு திரிவதும், மழைக்காலத்தில் கரையேறிக் குடிசை போடுவதும் பழைய வாழ்க்கை. ஒற்றை மரத்தைக் குடைந்து அடிப்பகுதி, அதன் மேல் லேசான பனையினத் தண்டுகளை அடுக்கிய பக்கச்சுவர், தாழை ஓலையில் கூரையும் காற்றைப் பிடிக்கும் பாயும் என்று அமைந்தது கபாங். படகின் உறுப்புகளுக்கு வயிறு, கழுத்து, தோள், விலா என்று உடம்பின் பெயர்கள். முன்னும் பின்னும் வெட்டிவிட்ட பள்ளம் ஒன்று வாய், மற்றொன்று கழிவு வாய். நீரிலிருந்து ஏறக் கால் வைக்கும் படியும் அதுதான்.

இதைப் படித்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள். பெரிய மரம் வெட்டத் தடை, மீன் குறைந்தது, கரையில் குடியமர்த்தினார்கள். இதனால் கபாங் இப்போது அபூர்வம். லம்பிக்குப் பக்கத்துப் பொச்சோ தீவிலுள்ள மாச்சோன் கலே கிராமத்தில் சலோன், பர்மியர், கரேன் எல்லாரும் கலந்து வாழ்கிறார்கள், மடாலயமும் கடைகளும் உண்டு. ‘அசல் சலோன் எங்கே?’ என்று அவர்கள் முன்னாலேயே வழிகாட்டியிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட அவமானம் வேறில்லை. கால்சட்டை போட்டுக் கைப்பேசி வைத்திருப்பவரும் அசல்தான்.

இறங்கியதும் ஊர்த்தலைவரைப் பாருங்கள், அதன் பிறகு தெருவில் நடங்கள். நீச்சல் உடையோடு ஊருக்குள் போகாதீர்கள், மேலே ஒரு லுங்கி போதும். செதுக்கிய மரக்கம்பங்கள் நட்டிருந்தால் அவை ‘லொபோங்’, மூதாதையர் தங்குமிடம். நம் ஊர் எல்லையில் நட்ட சூலத்தைத் தொடுவோமா? அப்படித்தான் இதுவும். ஏப்ரல் வாக்கில் அவற்றுக்குப் படையல் நடக்கும். அழைக்காமல் கேமராவோடு நுழைய வேண்டாம்.

குழந்தைகளுக்கு மிட்டாய் எறிவது, காசைக் கடலில் போட்டு மூழ்கி எடுக்கச் சொல்வது, இரண்டும் கூடாது. கொடுக்க வேண்டுமென்றால் அரிசி, எண்ணெய் வாங்கித் தலைவர் வழியாகக் கொடுங்கள். அரிசிக்கு அங்கே ஒரு கதையே உண்டு. காமன் என்ற மலாய்க்காரன் சிபியன் ராணிக்கு அரிசியைக் கொண்டுவந்தான், பிறகு அவள் தங்கை கென் மேல் மனம் வைத்தான். ராணி கென்னை நீரில் மூழ்கும்படி சபித்தாள், ‘மூழ்கு’, ‘கென்’ சேர்ந்துதான் மொக்கன் என்ற பெயர். அன்று முதல் கடலட்டையும் முத்துச்சிப்பியும் கொடுத்து அரிசி வாங்கும் வாழ்க்கை. நடுவே நின்ற தவுக்கே வியாபாரிகள் ஒரு காலத்தில் அபினையும் கூலியாகக் கொடுத்தார்கள். ஆகவே சாராயப் புட்டியைப் பரிசாகக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய தீங்கு என்று யோசியுங்கள்.

கே: அந்தக் குழந்தைகளுக்கு நீருக்கடியில் நம்மைவிடக் கண் தெரியுமாமே, பிறவி வரமா?

கண் தெரிவது உண்மை, பிறவி வரம் இல்லை. சுவீடன் லுண்ட் பல்கலைக்கழகத்தின் அன்னா கிஸ்லேன் குழுவினர் தாய்லாந்துப் பக்கத்து மொக்கன் குழந்தைகளைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்கு நுணுக்கமாகப் பார்த்தார்கள். மூழ்கும்போது கண்மணியை ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகச் சுருக்குவதே காரணம். பிறகு ஐரோப்பியக் குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது கைவந்தது. நீங்கள் முகக்கண்ணாடி எடுத்துப் போங்கள்.

கே: நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

சிரமம்தான். ‘தெத்தத்லுத்’ (சைவம்) என்று சொன்னாலும் ஙப்பி (மீன், இறால் விழுது) தட்டில் வந்து நிற்கும். ‘மீன் வேண்டாம், ஙப்பி வேண்டாம், இறால் தூள் வேண்டாம்’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பருப்பு, புளி, வறுத்த கடலை, அவல், எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோனால் கவலையில்லை. குடிநீர் ஓர் ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர். அதற்கு மேல் ஒரு நாளைக்கு உபரி, படகு தாமதமானால் உதவும்.

கே: சிறு பிள்ளைகளோடு போகிறோம். என்ன மருந்து எடுப்பது? (மோல்மீன் வாசகி)

காலையும் மாலையும் மணல் ஈ கடிக்கும். கடித்தபோது தெரியாது, மறுநாள் கொப்புளம் எழும். சொறிந்தால் சீழ் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெயைத் தடிமனாகப் பூசுவது பலருக்குப் பலன் தருகிறது. கொசுவலை கட்டாயம், அங்கே மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் திரும்பி வந்து நாலு வாரம் தொடர வேண்டும். வீடு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. திரும்பிய பின் எப்போது காய்ச்சல் வந்தாலும், எங்கே போய்வந்தீர்கள் என்று சொல்லி ரத்தம் சோதியுங்கள்.

ஜெல்லிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். காடி ஊற்றுங்கள், ஒரு புட்டி கையில் இருக்கட்டும். நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். 2004 சுனாமியில் தாய்லாந்தின் சுரின் தீவு மொக்கன்கள் தப்பியது அப்படித்தான். ஆளைத் தின்னும் ‘லபூன்’ அலை பற்றிப் பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

கே: பூஜை அறைக்கு ஒரு சங்கு வாங்கி வரலாமா?

பூஜைச் சங்கு மன்னார் வளைகுடாப் பக்கத்துச் சரக்கு, அதைத் தேடி இவ்வளவு தூரம் போக வேண்டாம். லம்பிப் பூங்காவில் சிப்பி, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. ஆமை ஓடு, பெருஞ்சிப்பி, நாட்டிலஸ் ஆகியவற்றின் சர்வதேச வணிகத்துக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ரனோங் பக்கம் கடக்கும்போது பிடிபட்டால் பறிமுதலோடு நிற்காது. கிராமத்தில் தாழை ஓலைப் பாயோ சிறு மரப்படகோ விற்றால் வாங்குங்கள், பேரம் பேசாமல்.