தம்பியின் நோட்டும் ஆறு பவுன் நகையும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. ஒரு தெருச் சண்டையில் ஒருவர் இறந்துபோன வழக்கில் பத்து வருஷத் தண்டனை. ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு) எல்லாம் கழித்து எட்டு வருஷம் இருந்துவிட்டுப் போன மாதம் வெளியே வந்தான். 2016 தீபாவளி முடிந்த வாரம் உள்ளே போனவன். அம்மா போனபிறகு கேப்பர் மலை ஜெயிலுக்கு மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனது நான் ஒருத்திதான். உள்ளே தையல் பிரிவில் வேலை பார்த்தான், கடைசி வருஷம் சுயதொழில் பயிற்சி வகுப்பும் முடித்து சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறான். ஒரு நோட்டு நிறைய 'தொழில் திட்டம்' எழுதி வைத்திருக்கிறான். லாரன்ஸ் ரோட்டில் தையல் கடை, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அவனுடைய கூலிப் பணம் 41,000 ரூபாய் இருக்கிறது, மீதிக்கு என் ஆறு பவுன் நகையை அடகு வைக்கச் சொல்கிறான். ஆனால் வீட்டில் அவன் இருக்கும் விதம் பயமாக இருக்கிறது. விடிய ஐந்து மணிக்கே எழுந்து போர்வையை மடித்துவைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலம் ஐந்தரைக்கே சாப்பாடு கேட்கிறான். பாத்ரூம் போவதற்குக்கூட என்னிடம் கேட்கிறான். விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை. கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிறான். இவன் எப்படிக் கடை நடத்துவான்? நகையைத் தொடக் கூடாது என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், வண்டிப்பாளையம், கடலூர்

பதில்: சகோதரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நகையை அடகு வைக்காதீர்கள். இதைப் படித்ததும் உங்கள் கணவர் "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்பார், அவரை மீதியையும் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு உங்கள் தம்பி மேல் சந்தேகம் இல்லை, அந்த நோட்டின் மேல்தான் சந்தேகம்.

ரெண்டு வருஷம், சனிக்கிழமை தவறாமல், வேறு ஊர்ச் சிறை ஒன்றில் இதே மாதிரி ஒரு வகுப்புக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறேன். கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு, கையில் முத்திரை வாங்கிக்கொண்டு போனால் உள்ளே முப்பது பேர் எனக்கு முன்னாலேயே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் பாடம் எடுத்த எந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை. காலை ஆறு மணிவாக்கில் கதவைத் திறந்து தலையை எண்ணுவார்கள், அப்புறம் டிபன், அப்புறம் அவரவர் பிரிவுக்கு வேலை, மதியச் சாப்பாடு, மறுபடி வேலை அல்லது வகுப்பு, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாட்டைக் கையில் கொடுத்து ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். தையல் பிரிவில் வேலை முடிந்ததும் கத்தரிக்கோல், ஊசி எல்லாம் எண்ணிச் சரிபார்ப்பார்கள், ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் நகர முடியாது. ஒருநாள் லாப நஷ்டக் கணக்கின் நடுவில் இப்படி ஒரு கத்தரிக்கோல் காணாமல் போய் என் வகுப்பு அத்தோடு முடிந்தது (கடைசியில் துணிக் கட்டுக்குள் கிடந்தது).

ஆக ஐந்து மணிக்கு எழுவது, போர்வையை மடிப்பது, ஐந்தரைக்குச் சாப்பாடு, இதெல்லாம் எட்டு வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்த விஷயங்கள். உள்ளே ராத்திரி முழுக்க விளக்கு எரியும், அதனால்தான் இருட்டில் தூக்கம் வரவில்லை. பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை. கேட்டுவிட்டுப் பாத்ரூம் போவதும் கடை வழியில் திரும்பி வருவதும் கொஞ்சம் வேறு, அதற்கு வருகிறேன்.

முதலில் நோட்டு. என் வகுப்பில் முப்பது திட்டங்கள் எழுதினார்கள்: டீக்கடை, ஆட்டுப் பண்ணை, செல்போன் சர்வீஸ், பேக்கரி. எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள், லாபம் எப்போதும் எழுபது சதவீதத்துக்கு மேல் வரும். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒருவர் திட்டத்தில் டீ என்ன விலை என்று பார்த்தால் அவர் எந்த வருஷம் உள்ளே வந்தார் என்று சொல்லிவிடலாம். டீ ஐந்து ரூபாய் என்று ஒருவர் எழுதுவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டு என்பார், போன வருஷம் வந்த பையன் பன்னிரண்டு என்று சொல்லி இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவான். உங்கள் தம்பி நோட்டைத் திறந்து பிளவுஸ் கூலி, நூல்கண்டு, கடை வாடகை, கரண்ட் பில் என்ன போட்டிருக்கிறான் என்று பாருங்கள். 2016 விலையாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவன் உள்ளே போன மறுவாரம்தான், நவம்பர் 8ஆம் தேதி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்புறம் எட்டு வருஷம் அவன் கையால் ரூபாய் நோட்டைத் தொட்டிருக்க மாட்டான், உள்ளே எல்லாம் கணக்கில் வரவு வைத்து கேன்டீனில் கழிப்பதுதான். வெளியே வந்து பார்த்தால் கீரை விற்கும் ஆயா முன்னால் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு இவ்வளவு ரூபாய் வந்தது என்று சத்தமாகச் சொல்கிறது. பாதி வழியில் திரும்பி வருபவனுக்கு அங்கே என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்தது, தொழில் தெரியுமா என்பது. தெரியும், ஆனால் எந்தத் தொழில் என்று கேளுங்கள். சிறைத் தையல் பிரிவில் பெரும்பாலும் சீருடைதான் தைப்பார்கள், அதுவும் கட்டுக்கட்டாக, ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் காஜா என்று பிரித்து. பவர் மிஷினில் ஒரு நாளைக்கு நூறு காலர் வைப்பவன் ஒரு ஆளை நிற்க வைத்து அளவு எடுத்தே இருக்க மாட்டான். பிளவுஸ் சுத்தமாகத் தெரியாமல் இருக்கலாம். அதோடு உள்ளே வாடிக்கையாளர் என்று ஒரு ஜீவன் கிடையாது. செய்த பொருளைத் துறையே எடுத்துக்கொள்கிறது, அல்லது 'ஃப்ரீடம்' என்ற பெயரில் சிறைச் சந்தையில் விற்கிறது. "கை இறுக்கமா இருக்குப்பா, பிரிச்சுத் தை" என்று ஒரு அம்மா மூன்றாம் தடவையாக வந்து நிற்பது, "அடுத்த வாரம் தரேன்" என்று கடன் சொல்வது, இதெல்லாம் எந்த வகுப்பிலும் வராது. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது என் தப்புதான்.

இப்போது அந்த பாத்ரூம் விஷயம். எட்டு வருஷம் எப்போது எழுவது, எதைச் சாப்பிடுவது, எங்கே நிற்பது, எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கடை நடத்துவது என்றால் காலையிலிருந்து ராத்திரிவரை தானே முடிவு செய்வது, பாதி முடிவு தப்பாகப் போனாலும் மறுநாள் திறப்பது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் சிறைகளில் 2004இல் தொடங்கிய ஒரு தொழில்முனைவோர் திட்டம் இருக்கிறது. அங்கே சேருகிறவனுடைய பழைய ரவுடிப் பெயரை எடுத்துவிட்டுச் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு செல்லப் பெயர் வைப்பார்கள், பெரிய கம்பெனி முதலாளிகள் உள்ளே வந்து உட்கார்ந்து கைதிகளின் தொழில் திட்டத்தைக் கேட்டுக் குடைவார்கள், முடிக்கும்போது கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு. படிக்கும்போது இதெல்லாம்தான் கண்ணில் படும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: விடுதலையானபிறகு தங்க வீடு கொடுத்து, வாராவாரம் வகுப்பையும் தொடர்கிறார்கள். உங்கள் தம்பிக்கு அந்த இரண்டாம் பாதி நடக்கப் போவது உங்கள் வீட்டில்தான்.

அதனால் பணத்துக்குப் பதில் முடிவுகளைக் கொடுங்கள். நாளைக்கே ஐந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, லாரன்ஸ் ரோட்டில் பத்து தையல் கடையில் கூலி விசாரித்து வரச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது ரொம்ப முக்கியம். முதல் நாள் மூன்று கடையோடு திரும்பினாலும் ஒன்றும் கேட்க வேண்டாம். "பாத்ரூம் போகட்டுமா அக்கா" என்றால் "ம்" என்று பதில் சொல்லாமல், "எதுக்குடா கேக்கற" என்று கத்தவும் செய்யாமல், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். தானாக நின்றுவிடும், ஆனால் வாரங்கள் ஆகும். அப்புறம் அவன் 41,000 ரூபாயிலேயே ஒரு செகண்ட் ஹேண்ட் மிஷின் வாங்கி வாசல் திண்ணையில் போடட்டும். ஃபால்ஸ் அடிப்பது, பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, ஜூன் மாதம் ஸ்கூல் யூனிஃபார்ம். சீருடையில் அவன் கை ஓடும், அதுதான் அவனுக்குச் சரியான நுழைவாசல். கடை அட்வான்ஸ் பற்றி ஒரு வருஷம் கழித்துப் பேசலாம்.

இதற்கிடையில் காகிதங்கள். ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு செயலற்றதாகியிருக்கும், ஆதாரும் பான் கார்டும் கொண்டுபோய் உயிர்ப்பிக்கணும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பிணை இல்லாமல் ஐம்பதாயிரம் வரைக்கும் முத்ரா திட்டத்தின் சிசு கடன் இருக்கிறது, கணக்கில் ஆறு மாதம் பணம் வந்துபோன தடம் இருந்தால் மேனேஜரிடம் பேச முகம் இருக்கும், அதனால் க்யூஆர் அட்டையை முதல் மாதமே வாங்கி மாட்டச் சொல்லுங்கள். பிளவுஸ் கற்றுக்கொள்ள மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள், பயிற்சி இலவசம், முடித்தபிறகும் ரெண்டு வருஷம் தொடர்பில் இருப்பார்கள். விடுதலையானவர்களுக்கு உதவவே ஒரு சங்கம் இருக்கிறது, சிறை நல அலுவலரிடம் கேட்டால் வழி சொல்வார். இந்த அலைச்சலையும் நீங்கள் செய்யாதீர்கள், அவனை அனுப்புங்கள்.

ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவே இல்லை. இறந்துபோனவருடைய குடும்பம் எங்கே இருக்கிறது? சிறையில் வேலை வாங்கினால் நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பங்கு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, அவர்கள் தினம் நடக்கிற தெருவில் இவன் பெயர்ப் பலகை தொங்கக் கூடாது. லாரன்ஸ் ரோட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது வாடகைக்கு முன்னால் இதை யோசியுங்கள். அவனும் யோசித்திருப்பான், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

அக்கம்பக்கத்தில் கேட்டால் மறைக்கவும் வேண்டாம், ஊரைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் விநோதமானவர்கள், 1918இல் பாரதியை வைத்திருந்த இடம் என்று கேப்பர் மலை ஜெயிலைப் பெருமையாகக் காட்டுவார்கள், அதே மலையிலிருந்து பஸ் ஏறி வருபவனிடம் ஒரு சட்டையைக் கொடுக்க யோசிப்பார்கள். கொடுக்கிற பத்து பேர் போதும். உங்கள் கணவரின் பேண்ட் ஒன்றை முதலில் உயரம் குறைக்கக் கொடுங்கள், கூலியை அவரையே கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள்.

விளக்குக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டிவிடுங்கள், ஸ்விட்ச் அவன் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும்.