மரக்கன்று போதுமா?

கேள்வி: சென்னைக்கு விமான டிக்கெட் எடுக்கும்போது, பயணத்தால் வெளியாகும் கரியமில வாயுவை ஈடுசெய்யச் சில ரிங்கிட் கூடுதலாகத் தரும்படி விமான நிறுவனத்தின் இணையத்தளம் கேட்கிறது. மரக்கன்று நட்டதையும் பள்ளிகளுக்கு உதவியதையும் அதே பக்கத்தில் படங்களோடு போட்டிருக்கிறார்கள். இவற்றை நம்பிப் பணம் தரலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பள்ளிக்கு உதவுவது நல்ல காரியம், அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால், ஒரு விமான நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பொறுப்பை அதன் எரிபொருள் கணக்கில்தான் பார்க்க வேண்டும். 1 கிலோ விமான எரிபொருள் எரியும்போது காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால், ஏறத்தாழ 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு பயணியின் பங்காக வெளியாகும் மொத்த வாயுவை ஒரு மரக்கன்று உள்வாங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். நடுவில் அது பட்டுப்போனால் கணக்கும் பட்டுப்போகும்.

பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் மாற்று எரிபொருள் இதைவிட நேரடியான வழி. மலேசியா ஏர்லைன்ஸ் 2022 ஜூன் 5ஆம் தேதி இவ்வகை எரிபொருளைக் கலந்து சிங்கப்பூருக்குப் பயணிகள் விமானத்தை இயக்கியது. இப்போதைய தர விதிகளின்படி 50 விழுக்காடு வரையே கலக்கலாம். விலையோ வழக்கமான எரிபொருளைவிடப் பன்மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 2 விழுக்காடு, 2030இல் 6 விழுக்காடு மாற்று எரிபொருள் இருக்க வேண்டும் என்று எரிபொருள் வழங்குவோருக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இதிலும் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மானிய விலையில் 1 கிலோ பாக்கெட் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்க, பொரித்துக் கறுத்த எண்ணெயை வியாபாரிகள் அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிய காலங்களும் உண்டு. பழைய எண்ணெய் என்ற பெயரில் புது எண்ணெயே கலந்துவிடுமோ என்ற ஐயம் அதனால்தான் எழுகிறது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று அவ்வளவு முக்கியம்.

விமான நிறுவனம் தன் சுற்றுச்சூழல், சமூகப் பணிகளைச் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கையைப் புரட்டினால், 'ஒரு பயணிக்கு, ஒரு கிலோமீட்டருக்கு' இவ்வளவு குறைந்தது என்ற எண் பெரிய எழுத்தில் இருக்கும். விமானங்களும் பயணங்களும் பெருகினால், அந்த எண் குறையும்போதே மொத்த வெளியீடு ஏறக்கூடும் என்பதால், ஆண்டின் மொத்த எரிபொருள் அளவையும் மாற்று எரிபொருளின் பங்கையும் தேடிப் பாருங்கள்.

அந்தச் சில ரிங்கிட்டைப் பொறுத்தவரை, எந்தத் திட்டம், எங்கே நடக்கிறது, யார் சான்றளித்தார்கள், உங்கள் பணத்துக்கு ஈடாகக் கணக்கிட்ட கரியமில வாயுக் குறைப்பு வேறொருவருக்கு மறுபடி விற்கப்படாதபடி, இத்தகைய திட்டங்களுக்கான பதிவேட்டில் பயன்படுத்தப்பட்டதாகக் குறிக்கப்படுகிறதா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் தாருங்கள். சொல்லவில்லையென்றால், மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, பதில் வந்தபின் முடிவெடுங்கள்.