நுவரெலியா வெட்டுப்புள்ளியில் கம்பஸ் போனவனின் பதில்

கேள்வி இது: "இலங்கையில் பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையில், குறைந்த இசட் புள்ளியோடு பல்கலைக்கழகம் போனவர்கள் உண்மையில் அதற்குத் தகுதியானவர்களா? என் தங்கை பசறையில் உயர்தரம் படிக்கிறாள். கொழும்பில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் 'உனக்கென்ன, பதுளைக் கோட்டா' என்று இப்போதே கேலி பண்ணுகிறார்கள்."

நான் அப்படிப் போனவன். 2006இல் உயர்தரம் (பல்கலைக்கழகம் போக எழுதும் பரீட்சை), கணிதப் பிரிவு, நுவரெலியா மாவட்டம். பேராதனை விஞ்ஞான பீடம் கிடைத்தது. அதே இசட் புள்ளியை (உயர்தரப் புள்ளியை நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டுக் கணிக்கும் அளவு) கொழும்பு மாவட்டத்தில் எடுத்திருந்தால் அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்காது. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேலி பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்ததே இல்லை. பெரும்பாலான பாடநெறிகளில் 100 இடம் இருந்தால் 40 இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். அதில் மாவட்டம் பார்ப்பதில்லை. 55 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். அதில் கொழும்புக்கும் பங்கு உண்டு, கண்டிக்கும் உண்டு. மிச்சம் 5 இடம்தான் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, வடக்கு கிழக்கு முழுவதும், புத்தளம், அம்பாந்தோட்டை, அனுராதபுரம், பொலன்னறுவை எல்லாம் அந்தப் பட்டியலில்.

1000 இடமுள்ள ஒரு பாடநெறி என்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவின் சனத்தொகை நாட்டில் ஏறக்குறைய மூன்றரை வீதம். ஆக மாவட்டப் பங்கு 550இல் எங்களுக்கு 19 இடம். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடத்தை 16 மாவட்டத்துக்கும் சனத்தொகைப்படி பிரித்தால் எங்களுக்கு வருவது 4. நாலே நாலு! 2012 கணக்கெடுப்பில் ஏழு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்த மாவட்டத்துக்கு, 'பின்தங்கியவர்கள்' என்று பெயர் வைத்துக் கூடுதலாகக் கொடுப்பது இவ்வளவுதான். இவ்வளவுக்குக் 'கோட்டா' என்பது கொஞ்சம் பெரிய பெயர்.

வெட்டுப்புள்ளி பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பத்திரிகையில் வரும் மாவட்ட வெட்டுப்புள்ளி கடைசியாக உள்ளே போனவருடைய புள்ளி. அதை எடுத்து அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லார் நெற்றியிலும் ஒட்டிவிடுகிறார்கள். என்னோடு வந்தவர்களில் இரண்டு பேர் திறமைப் பட்டியலிலேயே வந்தவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் 'கோட்டா' என்றார்கள்.

இனி என் கதை. ஹட்டனில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா தொழிற்சாலையில். தாத்தா காலத்தில் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் என் அண்ணன். உயர்தரத்துக்குப் போன முதல் ஆள் நான். லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) ஒரே லைட்டு என்பதால் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சிமினி விளக்கு வைத்துப் படித்தேன். இதை அனுதாபத்துக்குச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் அங்கே எல்லாரும் அப்படித்தான். விளக்கு ஒரு பிரச்சினையாகவே எனக்குத் தெரியவில்லை.

பிரச்சினை இரசாயனவியல். பன்னிரண்டாம் ஆண்டில் பாதியில் எங்கள் பாடசாலையின் இரசாயனவியல் சேருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்தவர் வர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் பாட நேரத்தில் நாங்கள் நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பியூரெட்டை (நியமிப்புப் பரிசோதனைக்கான அளவுக் குழாய்) நான் கையில் பிடித்தது கம்பஸ் வந்த பிறகுதான். அதுவரை நியமிப்பு என்றால் எனக்குக் கரும்பலகையில் வரைந்த ஒரு படம். தனியார் வகுப்பு என்றால் ஹட்டன் டவுனுக்குப் போகவேண்டும், ஒரு பாடத்தின் மாதக் காசு அம்மாவுக்கு இரண்டு மூன்று பேர். ('பேர்' என்றால் எங்கள் பக்கம் ஒருநாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும்.) நான் ஒரு பாடத்துக்கு மட்டும் போனேன், இணைந்த கணிதத்துக்கு.

இசட் புள்ளி என்பது தீவு முழுக்க அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியில் இருந்து நீங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே என்று சொல்லும் அளவு. மூன்று பாடங்களுக்கும் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். அதில் ஆசிரியர் இல்லாத எட்டு மாதத்துக்கு இடமில்லை. அதற்காக மாவட்டப் பங்கு கொஞ்சம் ஈடு தருகிறது. என்னைக் கேட்டால் அந்த ஈடு நியாயம்தான்.

ஆனால் அந்த ஈடு போகவேண்டிய ஆளுக்குப் போகிறதா என்று கேட்டால், அங்கேதான் எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை.

எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். பத்தாம் ஆண்டில் வெளி மாவட்டத்தில் இருந்து வந்து சேர்ந்தவன். அவனுடைய அப்பா ஹட்டனில் ஒரு அனெக்ஸ் (வாடகைக்கு விடும் சிறு வீடு) எடுத்துக் கொடுத்திருந்தார். வெள்ளி மத்தியானம் கண்டிக்குப் பஸ் ஏறுவான், சனி ஞாயிறு அங்கே பெயர் பெற்ற ஆட்களிடம் மூன்று பாடமும் படிப்பான், திங்கள் காலை கண்ணெல்லாம் சிவந்து வந்து கடைசி வாங்கில் தூங்குவான். உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாய் என்பதை வைத்துத்தான் உன் மாவட்டம் தீர்மானிக்கப்படும். அவன் வந்த கணக்கு சரியாகப் பொருந்தியது. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. எங்களுக்கென்று இருந்த இடங்களில் ஒன்று அவனுக்குப் போனது, மொறட்டுவை பொறியியல்.

பல வருடம் அவன்மேல் கோபமாக இருந்தேன் என்று எழுதினால் கதை நேராக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அந்த எட்டு மாத இரசாயனவியலை நான் படித்தது அவனுடைய கண்டி வகுப்புக் குறிப்பில். திங்கட்கிழமை தருவான், டவுனில் போட்டோ கொப்பி எடுத்துப் புதன்கிழமை திருப்பிக் கொடுப்பேன். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. அவன் வராமல் இருந்திருந்தால் ஒரு இடம் கூடுதலாக இருந்திருக்கும். அந்த இடத்துக்குப் போகும் புள்ளி எனக்கு இருந்திருக்காது.

அதனால் ஆளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. சலுகை மாவட்டத்துக்குக் கொடுக்கப்படுகிறது, குறையோ பாடசாலையில் இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் ஆய்வுகூடமும் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியரும் உள்ள டவுன் பாடசாலையும் இருக்கிறது, விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பக்கம் 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல் முதலியவற்றுக்கும் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்று பிள்ளை படித்த பள்ளியைப் பார்க்கிறது. அதிலும் குறைகள் இருக்கலாம். ஆனாலும் அளவுகோலை எங்கே வைக்கவேண்டும் என்பதில் அது எங்களுடையதைவிடக் குறிக்கு அருகில் நிற்கிறது. எங்கள் ஊரில் பெரும்பாலானவை அரசாங்கப் பாடசாலைகள்தான் என்பதால் அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆய்வுகூடம் இருக்கிறதா, பாடத்துக்கு ஆசிரியர் இருந்தாரா என்று பாடசாலை வாரியாகப் பார்க்கலாம்தானே.

யாழ்ப்பாண நண்பர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்குவார்கள். காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்று வந்தபோது பேராதனை பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி சிங்கள மொழி மாணவருக்கு 227, தமிழ் மாணவருக்கு 250 என்று இருந்தது. அதன் பிறகு 1974இல் மாவட்ட முறை. அந்தத் தரப்படுத்தல் மொழியைப் பார்த்துப் போட்ட வேலி. அதையும் இன்றைய மாவட்டப் பங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. ஆனால் அந்தக் காயம் இருப்பவர்களிடம் இதைச் சாவகாசமாக விளக்குவது லேசு இல்லை, நான் இரண்டு தடவை முயற்சி பண்ணி விட்டுவிட்டேன். இன்று யாழ்ப்பாணமும் அந்த 16இல் ஒன்று.

உள்ளே போன பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும், தகுதி என்ற கேள்விக்கு அதுதான் நேரடிப் பதில். முதல் வருடம் மோசம். விரிவுரை ஆங்கிலத்தில். நுண்கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் விரிவுரையாளர் எழுதுவது வகையிடல் என்று புரியவே பத்து நிமிடம் போகும். முதல் அரையாண்டில் இரண்டு பாடம் திரும்ப எழுதினேன். மகாபொல உதவித்தொகை அப்போது மாதம் 2,500 ரூபாய், அதில் பாதி சாப்பாட்டுக்கு, மிச்சம் போட்டோ கொப்பிக்கு. மூன்றாம் வருடத்தில் கொழும்புப் பிள்ளைகளுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டேன். எங்கள் அணியில் கடைசியாக நின்றவர்களில் நல்ல பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள், எங்களைப் போன்றவர்களும் இருந்தார்கள்.

உங்கள் தங்கைக்கு மூன்று விசயம். இப்போது பாடசாலை மாற்றவேண்டாம், முக்கியமாக மாவட்டம் விட்டு மாவட்டம். கொழும்பில் நல்ல வகுப்பு என்று சித்தப்பா வீட்டுக்கு அனுப்பி அங்கே பாடசாலை மாற்றினால், பதுளைப் பங்கும் போய்க் கொழும்புப் பங்கும் எட்டாமல் நடுவில் நிற்கக்கூடும். இரண்டாவது, பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்கச் சொல்லுங்கள். விருப்பத் தெரிவை உண்மையில் விரும்பும் ஒழுங்கிலேயே போடவேண்டும். 'இதெல்லாம் நமக்குக் கிடைக்காது' என்று பயந்து விரும்பியதைக் கீழே போடுவார்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை. மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே இருப்பது பறிபோகாது, விரும்பியதைக் கீழே போட்டு மேலே இருப்பது கிடைத்துவிட்டால்தான் விரும்பியது பறிபோகும்.

மூன்றாவது, பரீட்சைக்கும் கம்பஸுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி வரும். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல். அந்தக் காலம் முழுவதும் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். சிங்களம் சரளமாக வந்தது, வீட்டுக்குக் காசும் அனுப்பினேன். ஆங்கிலத்தைத் தொடவே இல்லை. அதன் விலைதான் முதல் அரையாண்டின் இரண்டு பாடம். அவளுக்கும் கடையில் நிற்கவேண்டிய நிலை வந்தால் நிற்கட்டும், பின்னேரம் ஒரு மணித்தியாலம் தன் பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து, தமிழில் தெரிந்த ஒரு அத்தியாயத்தை அதில் தேடிப் பார்க்கட்டும்.

என் சின்னம்மா மகளுக்கு இதில் ஒன்றையும் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. சாதாரண தரத்தில் (பதினோராம் ஆண்டுப் பரீட்சை) விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ எடுத்தவள். அவள் போகக்கூடிய தூரத்தில் இருந்த பாடசாலையில் கலைப் பிரிவு மட்டும்தான் இருந்தது. இப்போது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், என்னைவிட நன்றாக.