நில் என்று யாரும் சொல்லவில்லை

கேள்வி: நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் 'ஜாம்பி' ஆல்பத்தை எதிர்ப்பு இசை என்று கொண்டாடுகிறார்கள். கேட்டேன். 12 நிமிடப் பாட்டில் பாதி சாக்ஸபோன், மீதி டிரில் வகுப்பு. இதில் அரசியல் எங்கே? (வாசகர், சேலம்)

பதில்: டிரில் என்று சொல்லிவிட்டீர்களே, இனி என்னை நிறுத்த முடியாது.

எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் ஒருநாள் எங்களை மார்ச் பண்ண விட்டுவிட்டு, வாட்ச்மேனிடம் சுண்ணாம்பு வாங்கப் போனார். 'நில்' சொல்ல மறந்துவிட்டார். மைதானம் முடிந்து சுவர் வந்தது. முதல் வரிசை சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே லெஃப்ட் ரைட் போட்டது. இரண்டாம் வரிசை அதன் முதுகில் ஏறியது. நான் மூன்றாம் வரிசை. திரும்பி வந்தவர், "ஏன்டா, யோசிக்க மாட்டீங்களா?" என்றார். அதற்கு ஆர்டர் வரவில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ஃபெலாவுக்கு 1976-இல் தோன்றிவிட்டது. பாட்டே அதுதான். சிப்பாயைத்தான் ஜாம்பி, அதாவது நடைபிணம், என்கிறார்: போ என்றால்தான் போவான், நில் என்றால்தான் நிற்பான், யோசி என்றால்தான் யோசிப்பான். அவர் அணிவகுப்புக் கட்டளைகளை வரிசையாகப் போட, பின்னால் பெண்கள் 'ஜாம்பி' என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மீன் விற்பவருக்கும் புரிகிற பிட்ஜின், அதாவது தெருவில் பேசும் கலப்பு ஆங்கிலம். நாட்டை ஆண்டதோ ராணுவம். உங்களுக்கு டிரில் வகுப்பாகக் கேட்டது அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! அப்புறம், ஃபெலாவின் டிரம்மர் டோனி ஆலனின் டிரம்ஸுக்கு லெஃப்ட் ரைட் போட்டுப் பாருங்கள். கால் வராது, இடுப்புதான் போகும். சாக்ஸபோனைக் குறை சொன்னதற்கு உங்களை மன்னிக்கிறேன்.

1977 பிப்ரவரி 18 அன்று சுமார் 1,000 சிப்பாய்கள் ஃபெலாவின் வீட்டைச் சூழ்ந்தார்கள். 'கலகுட்டா குடியரசு' என்று அவர் பெயர் வைத்திருந்த வீடு. உள்ளே இருந்தவர்களை அடித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். பெண்ணுரிமைக்காகவும் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தும் போராடிய அவருடைய தாய் ஃபன்மிலாயோவை ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். 76 வயது. மறு ஆண்டு இறந்துபோனார். விசாரணை நடந்தது. தீ வைத்தது யார்? 'அடையாளம் தெரியாத சிப்பாய்'. ஃபெலா அதையும் விடவில்லை, அந்தப் பெயரிலேயே 1979-இல் ஓர் ஆல்பம் போட்டார்.

இதற்கு நம் ஊர் நாளிதழ்களில் ஒரு மொழிபெயர்ப்பு உண்டு: 'மர்ம நபர்கள்'. பட்டப்பகலில், ஊரே பார்க்க, லாரியில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு அடித்துப் போனாலும் மர்ம நபர்கள்தான். இதில் என்னய்யா மர்மம்? இந்த வார்த்தையோடு எனக்குப் பல வருடப் பகை. நம் பத்திரிகையில் அதற்குத் தடை போட்டிருக்கிறேன். சென்ற இதழில் எட்டாம் பக்கத்தில் எப்படியோ வந்துவிட்டது. யார் நுழைத்தது என்று ஆசிரியர் குழுவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை தெரியவில்லை.